இருக்கையும் அதிகாரமும்: பெருந்தகை எம்.சி. ராஜா

சைதாப்பேட்டையில் ஆதி திராவிட மாணவர்களுக்கென அமைந்த கல்லூரி விடுதி எம்.சி. ராஜா அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மயிலையிலும் அடையாற்றிலும் வாழும் நம் இளைஞர்கள் பலர் அதன் வழியே நாள்தோறும் செல்கின்றனர். அப்பெயருக்குரியவர் யாரெனக் கேட்டால், விடை கூறுவோர் சிலரே. எனவே இவ்வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றைச் சிறிது விரிவாக எழுத விழைந்தோம்.

பெயரின் முதலெழுத்துக்களிலேயே ஊர் இருக்கிறது. மயிலை சின்னத்தம்பி ராஜா என்பது முழுப்பெயர். 1883 ஆம் ஆண்டு சூன் 17 ஆம் நாள் பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெசுலி பள்ளியிலும் கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். ஆசிரியத் தொழிலை ஏற்றார். ஆசிரியர் ஒருவர் அரசியலின் நுணுக்கங்களைக் கற்றுத் தெளிந்தார் என்பதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு, அதனை மறைப்பானேன்?

முடியாட்சி, குடியாட்சி, கூட்டாட்சி என்று ஆட்சி வகைகளை வகுப்பில் மாணவர் தடையின்றி ஒப்பிப்பர். ஆயின் வாக்களிப்பவர் யார், அமைச்சரை அமர்த்துபவர் யார், காவல்துறையும் கருவூலமும் யார் கையில் என்று கேட்டால் திகைப்பர். ராஜா அவர்களின் வாழ்வு முழுவதும் இக்கேள்விகளோடு நிகழ்ந்த போராட்டமே ஆகும்.

1919 ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைக் கொணர்ந்தது. கல்வி, சுகாதாரம், தலத்தாபனம் போன்ற துறைகள் மன்றத்துக்குப் பொறுப்புடைய அமைச்சர்களிடம் தரப்பட்டன. காவல், நிதி, நிலவரி முதலியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே நின்றன. சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்குரிமை. நிலமற்ற நம் முன்னோர்க்கு அதில் ஏது பங்கு? ஆகவே ஒடுக்கப்பட்டோர்க்கெனச் சென்னைச் சட்டமன்றத்தில் ஐந்து நியமன இடங்கள் வைக்கப்பட்டன. நியமிப்பவர் ஆளுநர்.

1920 இல் அமைந்த அம்மன்றத்தில் ராஜா இடம்பெற்றார். பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை அரசு ஏடுகளினின்று நீக்கி ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்று வழங்க வேண்டுமென அவர் கொணர்ந்த தீர்மானத்தை ஏற்று, 1922 இல் அரசாணை பிறந்தது. நமது சான்றிதழ்களில் இன்றும் வழங்கும் ஆதி திராவிடர் என்னும் சொல்லுக்குப் பின்னே அவருடைய உழைப்பு உள்ளது. இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் அடுத்து மன்றம் புகுந்து, பொதுச் சாலை, கிணறு ஆகியவற்றில் நமது உரிமையை 1924 இல் நிலைநாட்டினார்.

ராஜா முதலில் நீதிக்கட்சியில் இருந்தார். 1921 இல் ஆலை வேலைநிறுத்தத்தின் போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. நம் மக்கள் பெருந்துன்பம் எய்தினர். அவ்வேளையில் கட்சித் தலைவர் தியாகராயர் கொண்ட நிலை ராஜாவின் நெஞ்சைப் புண்படுத்தியது. நாம் தியாகராய நகர் என்று வழங்கும் பகுதி இத்தலைவரின் பெயரால் அமைந்ததே. பிராமணரல்லாதார்க்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் இந்நிகழ்ச்சியை விடுத்து வரலாறு எழுதுதல் முறையன்று. 1923 இல் ராஜா கட்சியினின்று விலகினார். 1927 முதல் பத்தாண்டுகள் தில்லியில் மத்திய சட்டசபையில் பணிபுரிந்தார்.

இனி, அவர் வாழ்வில் மிகுந்த வாதத்துக்கு இடமான பகுதிக்கு வருவோம். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் தனி வாக்காளர் தொகுதி கேட்டனர். ராஜாவோ, முன்பு அதனையே ஆதரித்திருந்தும், 1932 இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து, கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீடு போதும் என்றார்.

இளைஞர்கள் இங்கே சற்று நின்று கருத வேண்டும். இன்று நாம் தனித் தொகுதி என்று கூறுவது அன்று கேட்கப்பட்டது அன்று. இன்றைய தனித் தொகுதியில் வேட்பாளர் மட்டுமே நம்மவர். வாக்களிப்போர் எல்லாச் சாதியினரும் ஆவர். அன்று கேட்டதோ, நம் பிரதிநிதியை நம் மக்களே தெரிந்தெடுக்கும் முறை. 1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புத் தீர்ப்பு அதனை வழங்கி, பொதுத் தொகுதியிலும் மற்றொரு வாக்கினைத் தந்தது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24 ஆம் நாள் பூனா ஒப்பந்தம் உருவாயிற்று. ஒப்பமிட்டோருள் ராஜாவும் ஒருவர். இடங்கள் பெருகின, சென்னை மாகாணத்துக்கு மட்டும் முப்பது கிடைத்தன. ஆனால் இறுதித் தெரிவு பொது வாக்காளரிடம் சென்றது.

1937 தேர்தலில் காங்கிரசு பெரும்பான்மை பெற்றும் முதலில் பதவியேற்க மறுத்தது. ஆளுநர் கூர்மா வேங்கட ரெட்டி நாயுடுவின் தலைமையில் இடைக்கால அமைச்சரவையை அமைத்தார். ராஜா வளர்ச்சித்துறை அமைச்சரானார். பெரும்பான்மையற்ற அமைச்சரவையில் அமர்ந்தார் என்று அவரைக் குறைகூறினோர் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமற் போகவில்லை. சூலைத் திங்களில் அவ்வரசு விலக, இராசாசி முதலமைச்சரானார்.

1938 இல் சட்டமன்றம் கூடிய இடம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமாகும். தாம் பயின்ற இராயப்பேட்டையிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில், ராஜா தம் கூட்டுத் தொகுதிக் கொள்கையின் விளைவை நேரிற் கண்டார். பொது இடங்களில் நமக்கு இழைக்கப்பட்ட தடைகளைக் குற்றமாக்கும் மசோதாவைக் கொணர்ந்தார், அது சட்டமாயிற்று. அடுத்து ஆலய நுழைவு மசோதாவைக் கொணர்ந்தார். அரசு அதனைத் திரும்பப்பெறக் கேட்டது. மலபாருக்கு மட்டும் தானே ஒரு மசோதா கொணரும் என்றது. ராஜா இணங்கவில்லை. மசோதா தோற்றது. ஒதுக்கீட்டு இடங்களில் காங்கிரசின் சார்பில் வென்று வந்த நம் உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டை மீறி அவருடன் நிற்கவில்லை. அவர்களை மட்டும் பழித்துப் பயனில்லை. அவர்களுக்கு வாக்கும் வேட்பாளர் சீட்டும் வந்த இடம் வேறு. காந்தியடிகளுக்கு ராஜா முறையிட்டு எழுதியும் பயனில்லை.

அறிஞர்கள் தம் பிழையை ஒப்புவது அரிது. ராஜா தம் நிலையை மாற்றிக்கொள்ள நாணவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் எவரை எதிர்த்தாரோ அந்த அம்பேத்கருடன் 1942 மார்ச்சுத் திங்களில் கிரிப்சு தூதுவரைச் சந்தித்து, அத்திட்டத்தில் நம் மக்களுக்குப் போதிய காப்பு இல்லை என எடுத்துரைத்தார்.

1943 ஆகஸ்ட் 20 ஆம் நாள் பரங்கிமலையில் அவர் காலமானார். அவர் கேட்ட ஆலய நுழைவு, மாகாணம் முழுமைக்கும் சட்டமாக 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. சட்டமன்ற இடங்களை மட்டும் பூனாவில் வகுத்த கூட்டுத் தொகுதி முறையிலேயே ஒதுக்கிற்று.