பரேல் வீட்டின் இரண்டு அறைகள்

அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேசும்போது அவர் வாங்கிய பட்டங்களை எண்ணுகிறோம். அவர் எழுதிய சட்டத்தைச் சொல்கிறோம். அவர் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தார் என்று கேட்பது குறைவு. படிப்புக்கும் வேலைக்கும் நகரத்துக்குப் போய், வாடகை வீடு கேட்டுத் தெருத் தெருவாக அலையும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். அவர் ஓய்வு பெற்ற பிறகு தபோலி, சதாரா என்று ஊர் மாறிய குடும்பம், 1904 வாக்கில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது.

அன்றைய பம்பாய் பஞ்சாலைகளால் வீங்கிக்கொண்டிருந்த நகரம். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். வீடுகள் அந்த வேகத்தில் வளரவில்லை. 1896-ல் பிளேக் வந்து கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் அரசுக்குக் கண் திறந்தது. 1898-ல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் என்ற அமைப்பு உருவானது. நெரிசலான சந்துகளை இடித்துச் சாலை போட்டார்கள். தொழிலாளர்களுக்கு 'சால்' எனப்படும் மாடிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். நம்மூர் லைன் வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. குழாயும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. ஆனால் இடித்த அளவுக்குக் கட்டவில்லை. சாலைக்கு இடம் விட்ட ஏழைகள் அடுத்த தெரு நெரிசலில் போய் ஒண்டினார்கள்.

ராம்ஜியின் குடும்பம் முதலில் லோயர் பரேலில் ஒரு சாலில், ஓர் அறையில் இருந்தது. அதுவே சமையலறை, அதுவே படுக்கை, அதுவே படிக்கும் இடம். ஒரே நேரத்தில் இருவர் நீட்டிப் படுக்க வழியில்லை. மகன் முன்னிரவிலேயே படுத்துவிடுவார். தலைமாட்டில் திரிகை, கால்மாட்டில் ஆடு. தந்தை இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். மண்ணெண்ணெய் விளக்கில் விடியும்வரை படிப்பு. 1907-ல் மெட்ரிக் தேறினார். ரமாபாயுடன் திருமணம் நடந்ததும் ஒரு வீட்டிலோ மண்டபத்திலோ அல்ல. பைகுல்லா சந்தையில், இரவு கடைகள் மூடிய பிறகு, திறந்த கொட்டகையின் கீழ். விடிந்து சந்தை கூடுவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

பின்னர் பரேலில் டிரஸ்ட் கட்டிய சாலுக்கு மாறினார்கள். இரண்டாம் மாடியில் 50, 51 என்று இரண்டு அறைகள். குடும்பம் ஒன்றில், புத்தகங்களும் படிப்பும் மற்றொன்றில். கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் படிக்கப் போய்த் திரும்பியதும் இந்த அறைகளுக்குத்தான்.

நடுவில் பரோடா. உதவித்தொகை கொடுத்த சமஸ்தானத்துக்கு வேலை செய்யக் கடமைப்பட்டு 1917-ல் அங்கே போனார். வெளிநாட்டுப் பட்டம் பெற்ற அதிகாரிக்கு ஊரில் வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் வெளியேறச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் இடம் கேட்டார். இருவருமே நாசூக்காகக் கைவிரித்தார்கள். பொதுப் பூங்காவில் இரவு வரை உட்கார்ந்திருந்து, பம்பாய் ரயிலைப் பிடித்தார். படித்து வேலைக்குப் போய்விட்டால் சாதி பின்னால் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

கல்லூரிப் பேராசிரியரானார், வழக்கறிஞரானார். ஆனாலும் 1934 வரை பரேல் சாலை விட்டுப் போகவில்லை. ஆலையும் பள்ளியும் கூட்டம் போடும் தாமோதர் அரங்கமும் எட்டி நடக்கும் தூரத்தில் இருந்தன. தேடி வருகிற தொழிலாளி நேரே மாடியேறி வந்தார். 1927-ல் மகத் குளத்துப் போராட்டத்துக்கும், 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் புறப்பட்டபோது அவருடைய முகவரி இதுதான். தாங்கக்கூடிய வாடகையில், பிழைப்புக்குப் பக்கத்தில் இரண்டு அறை கிடைத்ததால் ஓர் இயக்கத்துக்கு இடம் கிடைத்தது. சென்னையில் ஆற்றோரத்து மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தவர்கள் வீட்டைக் கணக்கில் எடுத்தார்கள். வேலையும் பள்ளியும் எவ்வளவு தூரம் என்பதை எடுத்தார்களா? அப்படிப் பெயர்க்கப்பட்டவர்களில் பெரும்பகுதி நம் மக்கள்.

தாதர் இந்து காலனியில் சொந்த வீடு கட்டி, ராஜகிருகம் என்று பெயர் வைத்தார். நடுத்தர வகுப்பினருக்காக மனை பிரித்து அந்தப் பகுதியை உருவாக்கியதும் அதே டிரஸ்ட்தான். புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு என்று சொல்லலாம். அங்கே வந்த சிறிது காலத்தில், 1935 மே மாதம், ரமாபாய் மறைந்தார். வாழ்நாள் முழுக்க நெரிசலில் கிடந்தவருக்கு அந்த வீட்டு வாழ்வு ஓராண்டுக்குமேல் பெரிதாக நீளவில்லை.

கிராமத்தைப் போற்றியவர்களோடு அவர் ஒத்துப்போகவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதை வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற நூலில், அரசு தரிசு நிலங்களில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குடியேற்றங்கள் அமைக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று கேட்டார். ஊருக்கு வெளியே சேரியாகக் கிடப்பதற்கு மாற்றாக, நிலத்தோடு கூடிய ஊராகவே இருப்பது அவர் கேட்டது. அது நிறைவேறவில்லை. அமைச்சர் பதவியை விட்ட பிறகு, 1954-ல் மாநிலங்களவையில் தீண்டாமைக் குற்ற மசோதா விவாதத்தில் பேசினார். 1955-ல் வந்த அந்தச் சட்டம்தான் இன்றைய குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமையின் பேரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது அதன்படி குற்றம். சாதி கேட்டு வீடு மறுக்கப்படும் மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

1956 டிசம்பர் 6 அன்று டெல்லி அலிப்பூர் சாலையில், சொந்தமல்லாத ஒரு வீட்டில் மறைந்தார். உடலைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து ராஜகிருகத்தில் வைத்தார்கள். மறுநாள் தாதர் கடற்கரை வரை போன ஊர்வலத்தில், ஓர் அறை வீடுகளிலிருந்து இறங்கி வந்த ஜனங்கள் சாலையை நிறைத்திருந்தார்கள்.