பல்வரிசை பேணிய பெருமருத்துவர் அஸ்ஸஹ்ராவி

கோணல் பல்லுக்குக் கம்பி கட்டும் மருத்துவத்தை நாம் அறிவோம். ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே பல்வரிசையின் சீர்கேட்டை எண்ணி வழிகண்ட பெருமகனாரை நம்முள் அறிந்தோர் சிலரே. அவரே அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி.

ஸ்பெயினில் குர்துபா நகரையடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936ஆம் ஆண்டளவில் இவர் பிறந்தார். இவர் அரபியில் யாத்த 'கிதாபுத் தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. அறுவை மருத்துவத்தை விளக்கும் இறுதிப் பகுதியில் ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களையும் வரைந்து காட்டினார்.

வரிசை தவறி முளைத்துத் துருத்தி நிற்கும் பல்லை, இந்திய இரும்பாலான நுண்ணிய அரத்தால் பல நாள் சிறிது சிறிதாகத் தேய்க்குமாறு பணித்தார். அவசரப்பட்டால் பல் ஆட்டங்காணும் என எச்சரித்தார். ஆடும் பற்களை அருகிலுள்ள உறுதியான பற்களோடு பொற்கம்பியால் பிணைத்தார். வெள்ளி விரைவில் கறுத்துக் கெடும். பொன் கெடாது என்பதே காரணம். விழுந்த பல்லின் இடத்தில் மாட்டெலும்பில் செதுக்கிய பல்லைப் பொருத்தும் முறையும் கூறினார்.

இவர் கட்டிய கம்பி பல்லை நிலைநிறுத்தியது; இன்றைய கம்பி பல்லை மெல்ல நகர்த்துகிறது. நோக்கம் வேறாயினும், பொறுமையே இரண்டிற்கும் அடிப்படை. பிடுங்கிய பல்லுக்கு ஈடில்லை. ஆகவே காக்க இயன்றவரை காக்கவேண்டும் என்பது இவர் கொள்கை. நன்கு ஆராயாது பல்லைப் பிடுங்கிய நாவிதர்களை இவர் கடிந்துரைத்தார்.

கி.பி. 1013இல் இவர் மறைந்தார். 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு இவரது அறுவை நூலை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றனர். ஆற்றலோடு நிதானமும் சேர்ந்தாலன்றிக் கல்வி நிறைவுறாது என்பதே இவர் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.