வானில் பாதை அமைத்தவர்

கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் பொருள்கள் இரயிலிலும் கனவுந்திலும் ஏறிக் கோலாலம்பூரை வந்தடைகின்றன. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் நாம் வாங்கும் பருப்பும் வெங்காயமும் பெரும்பாலும் அவ்வழியே வந்தவைதாம். அந்தப் பாதை சில நாள்கள் அடைபட்டாலே நகர வாழ்க்கை தடுமாறிவிடும். போர்க்களத்தில் நிற்கும் படையின் நிலையும் இதுவே. எவ்வளவு துணிவு மிக்க படையாக இருந்தாலும் உணவும் மருந்தும் தோட்டாவும் வந்து சேராவிட்டால், அது விரைவில் செயலிழந்துவிடும். இப்பொருள்களை உரிய நேரத்தில் உரிய இடத்திற்குக் கொண்டு சேர்க்கும் பணியே தளவாட வழங்கல் எனப்படுகிறது. சாலைகள் அடைபட்ட இடங்களுக்கு வான்வழியாக இப்பணியைச் செய்து காட்டியவர்களுள் இந்திய விமானப்படையின் ஏர் கமடோர் மெஹர் சிங் குறிப்பிடத்தக்கவர்.

பிறப்பும் பயிற்சியும்

மெஹர் சிங் 1915ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பஞ்சாப் மாநிலத்தின் லயால்பூரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் பைசலாபாத் என்னும் பெயரில் உள்ளது. கல்லூரியில் அறிவியல் பயின்று கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயிற்சி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டுப் பயிற்சியை முடித்து, 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் விமானப்படை அதிகாரியானார்.

அப்போது இந்திய விமானப்படையில் ஒரே ஓர் அணிதான் இருந்தது. அந்த முதலாம் அணியில் சேர்ந்த அவர், ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் வாப்பிட்டி என்னும் பழைய வகை விமானத்தை ஓட்டினார். ஒருமுறை அவருடைய விமானத்தின் எரிபொருள் தொட்டி துப்பாக்கிச் சூட்டில் சேதமடைந்தது. பகைவர் நிறைந்த பள்ளத்தாக்கில் விமானத்தை இறக்க நேர்ந்தது. அவரும் உடன் சென்ற வீரரும் இருளில் மறைந்து நடந்து, படை முகாமைப் பாதுகாப்பாக அடைந்தனர். மலைகளுக்கிடையே பறக்கும் கலையை அவர் கற்றது இக்காலத்தில்தான். பிற்காலத்தில் அதுவே அவருக்குப் பெருந்துணையாக நின்றது.

திருச்சியில் உருவான அணி

இரண்டாம் உலகப்போரின்போது, 1942ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியில் ஆறாம் அணி தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் மெஹர் சிங். புதிய விமானிகளுக்கு அவரே முன்னின்று பயிற்சியளித்தார். ஓராண்டுக்குள் அந்த அணி பர்மா எல்லைக்குச் சென்றது. காடுகளின்மேல் தாழ்வாகப் பறந்து, ஜப்பானியப் படையின் நிலைகளையும் நடமாட்டத்தையும் படம் பிடித்து வருவதே அதன் வேலை. தரைப்படை அந்தப் படங்களை நம்பியே தன் திட்டங்களை வகுத்தது. இப்பணிக்காக 1944ஆம் ஆண்டு அவருக்குச் சிறப்புமிக்க சேவை ஆணை என்னும் விருது வழங்கப்பட்டது. அப்போரில் அவ்விருதைப் பெற்ற இந்திய விமானப்படை அதிகாரி அவர் ஒருவரே.

கடுமையான வேலையைப் பிறருக்குக் கொடுப்பதற்கு முன் தாமே செய்து பார்ப்பது அவருடைய வழக்கம். அதனால் அவர்மீது பற்றுக்கொண்ட வீரர்கள் அவரை அன்போடு பாபா என்றே அழைத்தனர்.

முற்றுகையில் ஒரு நகரம்

1947ஆம் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் விடுதலை பெற்ற சில வாரங்களில் காஷ்மீரில் போர் மூண்டது. அங்கு நடந்த விமானப்படை நடவடிக்கைகளுக்கு மெஹர் சிங் தலைமையேற்றார். அப்போது அவருக்கு வயது 32.

மலைகளால் சூழப்பட்ட பூஞ்ச் நகரம் முற்றுகையிடப்பட்டது. அங்குச் செல்லும் சாலைகள் யாவும் துண்டிக்கப்பட்டன. உள்ளே படைவீரர்களுடன் ஏறத்தாழ 40,000 அகதிகளும் சிக்கியிருந்தனர். கையிருப்பில் இருந்த உணவு நாளுக்கு நாள் குறைந்து வந்தது. உணவு தீர்ந்தால் நகரம் வீழ்வது உறுதி. எஞ்சியிருந்த ஒரே வழி வானம்தான். ஆனால், விமானம் இறங்குவதற்கு அங்கே இடமில்லை.

வீரர்களும் ஊர்மக்களும் இணைந்து இரவு பகலாக உழைத்து, ஒரு சிறிய ஓடுபாதையை அமைத்தனர். அதன் மூன்று பக்கங்களிலும் ஓடைகள் ஓடின. சுற்றிலும் மலைகள் உயர்ந்து நின்றன. விமானி சற்றே பிசகினாலும் விமானம் நொறுங்கிவிடும். இவ்வளவு குறுகிய பாதையில் சரக்கு விமானம் இறங்க முடியுமா என்னும் ஐயம் எழுந்தது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மெஹர் சிங் தாமே அங்குச் சென்று தரையிறங்கி, அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தார்.

அதன்பின் டகோட்டா விமானங்கள் வரிசையாக வந்து இறங்கின. இரண்டு இயந்திரங்களைக் கொண்ட அவ்விமானம் ஏறத்தாழ 3 டன் சரக்கைச் சுமக்க வல்லது. வரும்போது அரிசியும் மாவும் மருந்தும் தோட்டாக்களும் கொண்டுவந்த விமானங்கள், திரும்பும்போது காயமுற்றோரையும் அகதிகளையும் ஏற்றிச் சென்றன. விமானம் வெறுமையாகத் திரும்பாமல் இருப்பது தளவாட வழங்கலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. பூஞ்சில் அது உயிர்களைக் காத்த பாடமாகவும் விளங்கியது.

ஓடுபாதையை நோக்கிப் பகைவரின் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியதும், பகலில் இறங்குவது ஆபத்தாயிற்று. அவற்றுக்குப் பதிலடி கொடுக்க நகருக்குள் பெரிய பீரங்கிகள் தேவைப்பட்டன. மெஹர் சிங் இரவில் பறக்கத் துணிந்தார். எண்ணெய் விளக்குகளின் மங்கிய ஒளியே அவருக்கு வழிகாட்டியது. அவ்வாறு பீரங்கிகள் நகருக்குள் வந்து சேர்ந்தன. 1948ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சாலைத் தொடர்பு மீளும்வரை, பூஞ்ச் நகரம் வான்வழி வந்த பொருள்களைக் கொண்டே தாக்குப் பிடித்தது.

உலகின் கூரையில்

இதைவிடப் பெரிய சோதனை லே நகரில் காத்திருந்தது. லடாக் பகுதியைச் சேர்ந்த லே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டுக் கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்நகரின் உயரம் நமக்கு விளங்கும். 1948ஆம் ஆண்டு மே மாதத்தில் பகைவர் லே நகரை நெருங்கிக் கொண்டிருந்தனர். அங்கிருந்த படையோ மிகச் சிறியது. தரைவழியாக உதவி வந்து சேர்வதற்குள் நகரம் வீழ்ந்துவிடும் நிலை இருந்தது.

லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு, சிந்து நதியோரத்தில் மணற்பாங்கான நிலத்தைச் சமன்செய்து ஓர் ஓடுபாதையை உருவாக்கியிருந்தார். எனினும், அங்குச் செல்வதற்கு 7,000 மீட்டருக்கு மேல் பறந்து பனிமலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. காற்று மெலிந்தால் இயந்திரத்தின் ஆற்றல் குறையும். இறக்கைகளின் தூக்குவிசையும் குறையும். மனிதனுக்கு மூச்சுத் திணறும். டகோட்டாவின் உட்பகுதியில் காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி கிடையாது. அது எட்டக்கூடிய உயரத்தின் எல்லையும் ஏறத்தாழ அவ்வளவே. இறங்கும்போதும் ஆபத்து குறையவில்லை. மெல்லிய காற்றில் விமானம் வழக்கத்தைவிட விரைவாகத் தரையைத் தொடும். நிற்பதற்கு நீண்ட பாதை வேண்டும்.

1948ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், மெஹர் சிங் முதல் டகோட்டாவை ஓட்டிச் சென்று லேயில் தரையிறக்கினார். படைத்தலைவர் மேஜர் ஜெனரல் திம்மய்யாவும் அதே விமானத்தில் பயணம் செய்தார். தலைவர்கள் இருவரும் முதலில் சென்று இறங்கியதைக் கண்டதும் மற்றவர்களின் தயக்கம் நீங்கியது. அடுத்தடுத்து வந்த விமானங்கள் வீரர்களையும் பொருள்களையும் கொண்டுவந்து சேர்த்தன. லே நகரம் காப்பாற்றப்பட்டது.

மறைவும் புகழும்

அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மெஹர் சிங் விமானப்படையிலிருந்து பதவி விலகி, பாட்டியாலா மகாராஜாவிடம் பணியில் சேர்ந்தார். காஷ்மீரில் அவர் ஆற்றிய தொண்டுக்காக மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. போர்க்கால வீரத்திற்கென இந்தியா வழங்கும் விருதுகளில் அது இரண்டாவது உயரிய விருதாகும். 1952ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஜம்முவிலிருந்து டில்லிக்குத் திரும்பும் வழியில், அவர் ஓட்டிய சிறிய விமானம் புயலில் சிக்கி வீழ்ந்தது. 37ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள்கள் இருந்தபோது அவர் உயிர்நீத்தார்.

பூஞ்சிலும் லேயிலும் டகோட்டாக்கள் பறந்த அதே 1948ஆம் ஆண்டில், மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இங்கும் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட டகோட்டாக்கள், அடர்ந்த காட்டுக்குள் இருந்த வீரர்களுக்கு உணவுப் பொதிகளைப் பாராசூட் மூலம் இறக்கின. 1958ஆம் ஆண்டு உருவான நம் விமானப்படை முதலில் பெற்றதும் குறுகிய ஓடுபாதையில் இறங்கக்கூடிய டுவின் பயனியர் என்னும் போக்குவரத்து விமானத்தைத்தான். அதற்குப் பின்வந்த ஹெர்குலிஸ் விமானங்கள் சுபாங் தளத்திலிருந்து போர்த் தளவாடங்களை மட்டுமின்றி, பேரிடர்க் காலங்களில் நிவாரணப் பொருள்களையும் சுமந்து செல்கின்றன.

போர்முனையில் நிற்பவரின் வீரம் எல்லார் கண்ணுக்கும் புலப்படும். அவருக்கு உணவும் மருந்தும் கொண்டு சேர்ப்பவரின் உழைப்பு எளிதில் புலப்படுவதில்லை. மெஹர் சிங் சுமந்து சென்ற அரிசி மூட்டைகளாலும் மருந்துப் பெட்டிகளாலும் பல்லாயிரவர் உயிர் பிழைத்தனர். பிறரை அனுப்புவதற்கு முன் தாமே சென்ற அவருடைய பண்பு, பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் பின்பற்றத் தக்கது.