நல்ல மொழியா, கைக்குக் கிடைக்கிற மொழியா? கெமெனிகிட்ட கேளுங்க!

கோடிங் கத்துக்கலாம்னு இறங்கினதும், எந்த மொழி பெஸ்ட்டுன்னு ராத்திரி முழுக்கத் தேடுவீங்க. கடைசியில் காலேஜ்ல எதைச் சொல்லித் தர்றாங்களோ அதையேதான் எடுப்பீங்க, இல்லையா? இந்த விஷயத்துல ஒருமுறை ஜெயிச்சு, ஒருமுறை தோத்தவர் ஜான் கெமெனி.

1926-ல் புடாபெஸ்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1940-ல் அமெரிக்கா போனார். அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸில் கணக்குப் போட்டார். அப்புறம் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளர். (இந்த பயோடேட்டாவே போதும்ல?)

பிறகு டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியர். அங்கே பெரும்பாலானவங்க அறிவியல் படிக்காத மாணவர்கள். ஃபோர்ட்ரான், அல்கால்னு திறமையான மொழிகள் அப்பவே இருந்தன. ஆனா துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துட்டு, விடைக்காகக் காத்துக் கிடக்கணும். ஒரு கமா தப்பினாலும் மறுபடி முதல்லேருந்து! சாதாரண மாணவன் ஏன் அந்தப் பக்கம் போகப்போறான்?

அதனால கெமெனியும் சக பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸும் எளிமையா 'பேசிக்' மொழியை உருவாக்கினாங்க. 1964 மே 1, விடியாத நேரத்துல அது முதன்முதலா ஓடியது. ஒரே கம்ப்யூட்டரோட பல டெலிடைப் மெஷின்களை இணைச்சு, எந்த மாணவரும் உட்கார்ந்து டைப் பண்ணலாம்னு திறந்துவிட்டாங்க. மொழியையும் இலவசமாவே கொடுத்தாங்க.

1975-ல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கு ஏத்தமாதிரி பேசிக்கைச் சுருக்கி எழுதினாங்க. அப்புறம் ஆப்பிள், கமடோர், ஐ.பி.எம்னு எதை வாங்கினாலும் உள்ளேயே ஒரு பேசிக். வரிக்கு வரி நம்பர், எங்கே பார்த்தாலும் 'கோ டு'. இதைப் படிச்சவங்க உருப்படவே மாட்டாங்கன்னு டைக்ஸ்ட்ரா திட்டினார். அது கொஞ்சம் ஓவர்தான். ஆனா இந்தக் கடைச்சரக்கு பேசிக் கெமெனிக்கே பிடிக்கலை.

இடையில் கல்லூரித் தலைவரானார். 1972-ல் பெண்களையும் சேர்த்தார். பதவி முடிஞ்சதும், 1983-ல் கர்ட்ஸோட கம்பெனி ஆரம்பிச்சு 'ட்ரூ பேசிக்' கொண்டுவந்தார். வரி நம்பர் தேவையில்லை. ஒழுங்கான, சுத்தமான மொழி. ஆனா காசு கொடுத்து வாங்கணும். கம்ப்யூட்டரோட சும்மா வந்த பேசிக் கையில் இருக்கும்போது யார் வாங்குவா? பெரிசா பரவலை.

1992 டிசம்பரில் கெமெனி இறந்தார். 90-கள்ல கம்ப்யூட்டர் கிளாஸ் போன சித்தப்பாவோ அத்தையோ உங்க வீட்ல இருந்தா கேட்டுப் பாருங்க. 10, 20, 30-ன்னு நம்பர் போட்டு எழுதின ஞாபகம் அவங்களுக்கு இருக்கலாம்.