கெட்டுப்போன கண்ணாடித் தகடுகள்

கோடக் என்ற பெயரை உங்கள் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். கேமராவும் பிலிமும் உடனே அவர் நினைவுக்கு வரும். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மன், பள்ளிப் படிப்பை முடிக்காதவர் என்பது தெரியுமா?

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்வில் என்ற ஊரில், 1854ம் ஆண்டு ஜூலை 12ம் தேதி பிறந்தார். 7 வயதில் தந்தையை இழந்தார். 13 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குப் போனார். வாரச் சம்பளம் 3 டாலர். பிறகு ராச்செஸ்டர் நகர வங்கியில் குமாஸ்தா ஆனார்.

1877ல் கேமரா வாங்கினார். அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். வெளியூரில் படம் எடுப்பதென்றால் கூடாரம், ரசாயன பாட்டில்கள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்!

இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் மேடாக்ஸ், 1871லேயே கொலோடியனுக்குப் பதில் ஜெலட்டினைப் பயன்படுத்திப் பார்த்திருந்தார். மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசைதான் ஜெலட்டின். இதில் செய்த தகடு உலர்ந்த பிறகும் படம் பிடிக்கும். ஆங்கிலப் பத்திரிகைகளில் இதைப் படித்த ஈஸ்ட்மன், தானும் செய்து பார்க்கத் துணிந்தார்.

பகலில் வங்கி, இரவில் அம்மாவின் அடுப்படி. வெதுவெதுப்பான ஜெலட்டின் கரைசலில் பொட்டாசியம் புரோமைடைச் சேர்ப்பார். மங்கலான சிவப்பு விளக்கொளியில், வெள்ளி நைட்ரேட்டைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குவார். கலவை பால்போல் வெளுக்கும். இதன் பெயர் எமல்ஷன். (உங்கள் பாடப்புத்தகக் கணக்கில் இது பால்மம் ஆகாது. இதில் மிதப்பவை திடத் துகள்கள். ஆனாலும் போட்டோக்காரர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.) பாகு காய்ச்சுவதுபோல் இதற்கும் பதம் உண்டு. சூடு குறைந்தால் ஒளியைச் சரியாக உணராது. மிஞ்சினால், வெளிச்சமே படாத இடமும் கழுவும்போது கறுத்துவிடும். சில இரவுகளில் அலுத்துப்போய் அடுப்பின் அருகிலேயே தூங்கிவிடுவாராம்.

1879ல் தகடுகளில் எமல்ஷன் பூசும் இயந்திரத்துக்கு லண்டனில் காப்புரிமை பெற்றார். 1881ல் வங்கி வேலையை விட்டார்.

மறு ஆண்டே இடி விழுந்தது. அவர் விற்ற தகடுகளில் படம் விழவில்லை என்று புகார்கள் குவிந்தன. விற்றது விற்றதுதான் என்று அவர் கைவிரிக்கவில்லை. கெட்டவற்றைத் திரும்பப் பெற்று, மாற்றிக் கொடுத்தார். கையிலிருந்த பணம் கரைந்தது. செய்முறை பழையதுதான்; புதிதாகக் காய்ச்சியதும் கெட்டது. தொழிற்சாலையை நிறுத்திவிட்டு இரவு பகலாகச் சோதனை செய்தும் பயனில்லை. கப்பலேறி இங்கிலாந்து போனார். அங்கேதான் விஷயம் புரிந்தது. கோளாறு அவர் கைப்பக்குவத்தில் இல்லை. வாங்கிய ஜெலட்டினில் இருந்தது! அதன்பின், சோதித்துப் பார்க்காமல் அவர் ஜெலட்டின் வாங்கியதில்லை.

தப்பிப் பிழைத்த அந்தத் தொழிலில்தான் 1888ல் கோடக் கேமரா பிறந்தது. விலை 25 டாலர். 100 படங்கள் எடுக்கலாம். ஈஸ்ட்மன் 1932ல், 77ம் வயதில் மறைந்தார்.

சரி, ஒரு ஜெலட்டின் நல்லதாகவும் இன்னொன்று மோசமாகவும் இருப்பது ஏன்? விடை 1920களில்தான் கிடைத்தது. கோடக் விஞ்ஞானி சாமுவேல் ஷெப்பர்டு, நல்ல ஜெலட்டினில் மிக மிகச் சிறிதளவு கந்தகச் சேர்மம் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒளியை உணரும் திறனைக் கூட்டுவது அதுதான். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து!