சிம்மாசனம் ஊர் திரும்பியது... ராஜா வேலூரிலேயே தங்கிவிட்டார்! யார் இந்த கண்டி மன்னர்?

வாணியம்பாடி, ஆம்பூர்னு தோல் தொழிற்சாலை ஊர்களைக் கடந்து வரும் பாலாற்றங்கரையில், வேலூரில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. முத்து மண்டபம்னு கேட்டா உள்ளூர்க்காரர்கள் வழி சொல்வார்கள். அங்கே அடக்கமாகியிருப்பவர், இலங்கையை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

யார் இவர்?

1780-ல் பிறந்தவர். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி உறவுக் குடும்பம். முந்தைய மன்னர் ராஜாதி ராஜசிங்கன் வாரிசில்லாமல் இறக்க, 1798-ல், 18 வயதில் பட்டத்துக்கு வந்தார். சொன்னபடி ஆடும் பொம்மையாக இருப்பார் என்று நம்பி அவரை அமர்த்தியவர் முதலமைச்சர் பிலிமத்தலாவ. பின்னாளில் அவருக்கே மரண தண்டனை விதித்தார் ராஜா.

மண்டபத்தில் என்ன விசேஷம்?

கண்டிக்குப் போனா, தலதா மாளிகை பக்கத்திலேயே அரச சபை மண்டபத்தைப் பார்க்கலாம். சுற்றுச்சுவர் கிடையாது, வரிசை வரிசையாகச் செதுக்கிய மரத்தூண்கள். 1783-ல் தொடங்கிய கட்டடம். கண்டி மன்னர்களின் சிம்மாசனமோ வேறு ரகம். 1693-ல் டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசு அது. ஐரோப்பிய பரோக் பாணி, தங்கத் தகடு வேய்ந்தது, கைப்பிடிகளில் செவ்வந்திக்கல் கண்களோடு சிங்கங்கள்.

ஆட்சி எப்படிப் போனது?

பிரபு எகலப்பொல பிரிட்டிஷார் பக்கம் சாய்ந்ததும், 1814-ல் அவர் மனைவி, பிள்ளைகளைக் கொல்ல உத்தரவிட்டார் ராஜா. ஊரே வெறுத்துப்போச்சு. 1815 பிப்ரவரி 18-ல் பிடிபட்டார். இரண்டே வாரத்தில், மார்ச் 2-ல், அதே மண்டபத்தில் நடந்த ஒப்பந்தத்தில் பிரபுக்கள் நாட்டை பிரிட்டிஷ் அரசருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். கைதியான ராஜா அங்கே இல்லை.

வேலூருக்கு ஏன்?

திப்பு சுல்தானின் பிள்ளைகளைச் சிறைவைத்திருந்த கோட்டை இது. 1806 சிப்பாய் கிளர்ச்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1816-ல், கண்டி ராஜாவைக் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்தார்கள். கோட்டைக்குள் இன்றும் கண்டி மஹால் என்ற பெயர் இருக்கிறது. 16 வருஷம் கைதியாக வாழ்ந்து, 1832 ஜனவரி 30-ல் காலமானார்.

பிறகு?

இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டைக்குப் போன சிம்மாசனம், 1934-ல் இலங்கைக்குத் திரும்பியது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கடைசியாக அமர்ந்து ஆண்டவருக்கு அந்தத் திரும்பல் வாய்க்கவில்லை. அவர் கல்லறைமீது 1990-ல் தமிழக அரசு கட்டியதுதான் முத்து மண்டபம். அடுத்த முறை வேலூர் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனா, பாலாற்றங்கரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க.