பினாங்கில் நிலம் கண்ட நம் முன்னோர்: கப்பித்தான் காதர் முகைதீன் மரைக்காயர்

நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில் நன்றியுடன் நினைவுகூர வேண்டியவர்களுள் ஒருவர் மர்ஹூம் காதர் முகைதீன் மரைக்காயர் அவர்கள். கப்பித்தான் கெலிங் என்றால்தான் பினாங்கு மக்களுக்கு அவரைத் தெரியும்.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் கைக்கொண்டார். காடாகக் கிடந்த தீவுக்குக் குடிகள் தேவைப்பட்டனர். எந்த நாட்டவராயினும் காட்டை வெட்டித் திருத்தினால் அந்நிலம் அவருக்கே உரியது என்று ஆசை காட்டினார் லைட். பின்னர் நிலங்களை அளந்து பட்டயமும் கொடுத்தனர். அயல்நாட்டார் இங்கே நிலத்துக்கு உரிமையாளரானது இவ்வாறுதான்.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர் கெடாத் துறைகளில் முன்பே வணிகம் செய்து இக்கடலை அறிந்திருந்தனர். பருவக்காற்றோடு வந்து, சரக்கை விற்று, பருவக்காற்றோடு திரும்பியவர்களே பலர். காதர் முகைதீன் அவர்களோ இங்கேயே வேரூன்றினார். வணிகத்தோடு நில உடைமையும் பெற்றார்.

1801-இல் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் காலத்தில் அவர் தென்னிந்திய முஸ்லிம்களின் கப்பித்தான் ஆனார். அதே ஆண்டு பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலத்தைக் கம்பெனி வழங்கியது. அங்கே அவர் முயற்சியால் எழுந்ததே இன்று நாம் தொழும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்.

1834-இல் அவர் வஃபாத்தானபோது, மரண சாசனத்தின் வழியே சொத்தில் ஒரு பகுதியை வக்ஃபாக விட்டுச் சென்றார். கம்போங் கோலத்தில் அடக்கமானார்.

ஆனால் நிலம் தானாகத் தன்னைக் காத்துக்கொள்வதில்லை. காலப்போக்கில் வக்ஃபு நிலங்களின் நிர்வாகம் சீர்கெட்டது. பள்ளிவாசலைச் சுற்றிய நிலமும் சுருங்கியது. 1905-இல் அரசு சட்டம் இயற்றி, முகம்மதிய, இந்து அறக்கொடை வாரியத்தை அமைத்து அவற்றைப் பொறுப்பேற்க நேர்ந்தது.

இன்று மலேசியாவில் அயல்நாட்டவர் நிலம் வாங்க, தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். இங்கே பிறந்த நமக்கு அந்தத் தடை இல்லை. ஆயினும் பத்திரம் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்பதே தெரியாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, முறையாகப் பதிந்துவைப்போம். வக்ஃபு செய்ய எண்ணுவோர் அதை எழுத்தில் வைப்பார்களாக. வாங்குவதைவிடக் காப்பதே கடினம் என்பதை அந்த 18 ஏக்கர் நமக்குக் கற்றுத்தருகிறது.

அல்லாஹ் அன்னாரின் நற்செயல்களை ஏற்று, மேலான சுவனத்தை அளிப்பானாக. ஆமீன்.